வாட்ஸ்அப்: ஒரே ஆப், நாட்டுக்கு நாடு வேறு மரியாதை

ஆப்பாக மட்டும் பார்த்தால் 5க்கு 4 தாராளமாகக் கொடுக்கலாம். பழைய போனிலும் ஓடுகிறது, நெட் மந்தமாக இருந்தாலும் மெசேஜ் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது, 2016லிருந்து நாம் அனுப்புவது நம் போனிலேயே பூட்டப்பட்டு எதிராளி போனில்தான் திறக்கிறது, நடுவில் கம்பெனி நினைத்தாலும் படிக்க முடியாது. இது பெரிய விஷயம்தான். ஆனால் ஆப்போடு சேர்த்து நம் தலையில் இறக்கும் பிரைவசி பாலிசியும் இந்தச் சரக்கின் ஒரு பகுதிதானே, அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. நான் போடுகிறேன்: ஐரோப்பாவில் இருந்தால் 3, வளரும் நாடுகளில் இருந்தால் 1.

ஏன் இந்த வித்தியாசம்? என்ன பேசினோம் என்பதுதான் கம்பெனிக்குத் தெரியாதே தவிர நம் நம்பர், போன் மாடல், ஐபி முகவரி, கடைகளின் வணிகக் கணக்குகளோடு எப்படிப் பழகுகிறோம் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பின் தாய்க் கம்பெனியான மெட்டாவின் (முன்பு பேஸ்புக் என்று பெயர்) மற்ற நிறுவனங்களுக்குப் போகலாம் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. 2014ல் பேஸ்புக் இதை வாங்கியபோது பயனர்களுக்கு எதுவும் மாறாது என்றார்கள். 2016 ஆகஸ்டில் மாற்றினார்கள், அப்போதாவது பழைய பயனர்களுக்கு 30 நாளில் மறுக்க ஒரு வழி இருந்தது. (இரண்டு பக்கக் கணக்குகளையும் இணைப்பது பற்றி, வாங்கும்போது தவறான தகவல் தந்ததற்காக 2017ல் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது.) 2021 ஜனவரியில் வந்த பாலிசியில் மறுக்கும் வழியே இல்லை. ஒத்துக்கொள், இல்லையென்றால் வெளியே போ என்கிற மாதிரி. உலகமெங்கும் எதிர்ப்பு வந்ததும் கெடுவை மே 15க்குத் தள்ளினார்கள், பாலிசியை மாற்றவில்லை. ஐரோப்பியப் பயனர்களுக்கு மட்டும், தரவுப் பகிர்வில் உங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள்!

தொழில்நுட்பத்தில் முடியாதது என்று எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? ஒரு கண்டத்துக்குச் செய்ய முடிந்ததை இன்னொரு கண்டத்துக்குச் செய்யவில்லை, ஏனென்றால் ஐரோப்பாவில் 2018லிருந்து உலக வருமானத்தில் 4% வரை அபராதம் போடக்கூடிய சட்டம் இருக்கிறது. 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரம் அறிவித்தபோதும் அதே கதை, ஐரோப்பாவுக்கு 2026க்கு முன்னால் வராது என்று அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லி வைத்தார்கள்.

இந்தப் பாரபட்சத்தை நேராகப் பிடித்தது நைஜீரியாவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். 38 மாதம் விசாரித்து, ஐரோப்பியருக்குத் தரும் உரிமையை எங்கள் மக்களுக்கு ஏன் தரவில்லை என்பதையே ஒரு குற்றமாக எழுதி, 2024 ஜூலையில் 22 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2025 ஏப்ரலில் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. வழக்கின் நடுவே நீதிமன்ற ஆவணங்களில் மெட்டா வைத்த வாதம் என்ன தெரியுமா, பேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் அந்த நாட்டில் நிறுத்த வேண்டி வரலாம் என்பது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதே 2024 ஜூலையில் முக அடையாளத் தரவு வழக்கில் டெக்ஸாஸ் மாநிலத்துக்கு 140 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டார்கள், அங்கிருந்து போய்விடுவோம் என்ற பேச்சே எழவில்லை.

இந்தியாவில் வணிகப் போட்டி ஆணையம் அதே 2021 பாலிசிக்காக 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்து, விளம்பரத்துக்காகத் தரவைப் பகிர 5 வருடத் தடையும் போட்டது. ஒரு வருடம் கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு தடையை எடுத்துவிட்டது. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. மெட்டாவின் 2024 வருமானம் சுமார் 16,450 கோடி டாலர், அந்தக் கணக்கில் இந்த அபராதம் ஒன்றரை மணி நேர வருமானம்கூட இல்லை, நைஜீரியா போட்டதே அரை நாள் வருமானம்தான். அவர்களுக்கு உறைப்பது பணம் இல்லை, இதைச் செய்யாதே என்ற உத்தரவுதான். 2023ல் வந்த இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் உச்சவரம்பு 250 கோடி ரூபாய் என்று நிலையான தொகையாகவே இருக்கிறது. உலக வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதாத வரை அதை ஒரு செலவுக் கணக்காக எழுதிவிட்டுப் போவார்கள்.

உத்தரவு வேலை செய்யும் என்பதற்கு பிரேசில் இருக்கிறது. அது வாட்ஸ்அப் விவகாரம் இல்லை, அதே கம்பெனி பொதுப் பதிவுகளை வைத்து ஏஐ பயிற்சி செய்த விவகாரம். 2024 ஜூலையில் உடனே நிறுத்து, மீறினால் நாளுக்கு 50,000 ரியல் (பிரேசில் பணம்) அபராதம் என்றது அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம். ஆகஸ்ட் முடிவதற்குள் பயனர்களுக்கு முன்னறிவிப்பும் மறுப்பதற்கு எளிய படிவமும் தருகிறோம் என்று கம்பெனி இறங்கி வந்தது, தடையும் நீங்கியது. இரண்டே மாதம்!

அப்போ ஆப்பை அழித்துவிடலாமா என்றால், பேங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இதில் வந்து உட்கார்ந்த பிறகு பெரும்பாலானவர்களால் முடியாது, அதனால்தான் பயனரின் சம்மதம் என்ற பேச்சையே என்னால் ஏற்க முடியவில்லை. வேறு வழியில்லாதவர் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனைத் தட்டுவதற்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியாது.

வைத்திருப்பவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். கிளவுட் பேக்கப்புக்கான (மெசேஜ்களின் நகலை இணையத்தில் சேமிப்பது) பூட்டு தானாகப் போடப்பட்டிருக்காது, செட்டிங்ஸில் சாட் பேக்கப் உள்ளே போய் நீங்களே போட வேண்டும், அதன் பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் திரும்பக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம், அக்கவுண்ட் பகுதியில் உங்கள் கணக்குத் தகவலைக் கேட்டு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது, சுமார் 3 நாளில் அறிக்கை வரும். உங்கள் நாட்டில் தரவுப் பாதுகாப்பு அமைப்போ நுகர்வோர் ஆணையமோ இருந்து, புகார் எழுதப் போகிறீர்கள் என்றால் அந்த அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.