பில்லிங் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா எஸ்எஸ்டி போட்டு ஆறு மாசம் ஆச்சு, எப்படி இருக்குன்னு சொல்றேன்

நம்மளது பெயிண்ட் கடைங்க. கவுன்ட்டர்ல ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஐ3 நாலாவது ஜென் (தலைமுறை) ப்ராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலைல ஷட்டர் தூக்கினதும் ஆன் பண்ணிட்டு எதிர்ல போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். கொத்தனார், கான்ட்ராக்டர்னு நாலு பேர் ஜிஎஸ்டி பில்லுக்கு நிக்கிறப்ப பில் போடற பொண்ணு "அண்ணே, மறுபடியும் ஸ்டக்கு"ன்னு கத்தும், மானம் போயிரும்.

சர்வீஸுக்கு வந்தவர் பெட்டிய ரெண்டு தட்டு தட்டிட்டு "சிபியு போச்சு சார், புதுசு எடுத்துருங்க, 38 ஆயிரத்துல முடிச்சிரலாம்"னாரு. முழு பெட்டியையே சிபியுன்னு சொல்லி பழகிட்டோம்ல, அதான் நமக்கும் பகீர்னு ஆயிருது. உண்மைல சிபியுங்கறது உள்ள ஃபேனுக்கு அடியில இருக்கற சின்ன சில்லு, அதான் ப்ராசசர், அது அவ்ளோ லேசுல போகாது.

சென்னைல இருக்கற மச்சானுக்கு போன் போட்டேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜர பாருங்க மாமான்னான். பாத்தா சிபியு 9 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம்! அதாவது கவுன்ட்டர்ல ஆள் சும்மா நிக்கிறான், குடோன்ல இருந்து டப்பா வந்து சேரல. ஹார்ட் டிஸ்க்குக்குள்ள தட்டு நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துது, ஊசி மாதிரி ஒன்னு அங்கயும் இங்கயும் ஓடி ஒவ்வொரு ஃபைலா தேடுது, ஒரு தடவ தேட 10 மில்லி செகண்ட் கிட்ட ஆகும், விண்டோஸ் எந்திரிக்கறதுக்கு இப்படி ஆயிரக்கணக்குல தேடணும். எஸ்எஸ்டில சுத்தறதுக்கு ஒன்னுமே கிடையாது, வெறும் சிப்புதான்.

மச்சான் ரிச்சி ஸ்ட்ரீட்ல க்ரூஷியல் பிஎக்ஸ்500, 480 ஜிபி வாங்கி அனுப்பினான், பழைய ஹார்ட் டிஸ்க் கேபிள்லயே மாட்டற சாட்டா மாடல். போர்டுலயே நேரா சொருகற என்விஎம்இ வகை இன்னும் ஸ்பீடுதான், ஆனா நம்ம பழைய போர்டுல அதுக்கு ஸ்லாட்டே இல்ல, அத பாக்காம வாங்கினா காசு வேஸ்ட். கூடவே 4 ஜிபி ராம் ஒன்னு. அதுலயும் உஷார், நம்மளது டிடிஆர்3, டிடிஆர்4 வாங்கினா வெட்டு இருக்கற இடமே வேற, உள்ள போகாது.

பழைய டிஸ்க்க அப்படியே குளோன், அதாவது அச்சு அசலா காப்பி, பண்ணிட்டதால டாலி கணக்கு சாஃப்ட்வேர், பிரிண்டர் செட்டிங் எதையும் தொட வேண்டி வரல. இப்ப முப்பது செகண்டுக்குள்ள ஆன் ஆயிருது, டீ ஆறிப்போகுது. 480ன்னு வாங்கினது 447தான் காட்டுதேன்னு நான்கூட மச்சான திட்டிட்டேன், அது ஏமாத்து இல்லயாம், கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்றான், விண்டோஸ் 1024ஆ எண்ணுது, அவ்ளோதான்.

குறைன்னு பாத்தா, இது டி-ராம்னு தனி மெமரி சிப் இல்லாத சாதா டிரைவ், கல்யாண வீடியோ மாதிரி பெரிய ஃபைல் மொத்தமா ஏத்தறவங்களுக்கு ஒத்து வராது, பில்லிங்குக்கு தாராளம். இன்னொன்னு, எஸ்எஸ்டி போட்டதால பழைய ப்ராசசர் புதுசாகிடாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, வழக்கமா வர்ற செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சு, விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜென்னாவது வேணுங்கறான். அதனால நெட் பேங்கிங்க மொபைலுக்கு மாத்திட்டேன், இந்த மெஷின்ல பில்லும் ஸ்டாக்கும் மட்டும்தான், இன்னும் ரெண்டு வருஷம் இழுத்தா போதும்.

பெட்டிய திறந்தப்பவே ஒரு நாப்பது ரூபா வேலையும் முடிஞ்சுது. கரன்ட் கட்டாகி வந்தா தேதி எங்கயோ பின்னாடி போய் நிக்கும், அந்த தேதிலயே ரெண்டு பில் அடிச்சு கொடுத்து ஆடிட்டர்கிட்ட வாங்கி கட்டிக்கிட்டோம். மதர்போர்டுல இருக்கற பட்டன் பேட்டரி, சிஆர்2032, தீர்ந்து போயிருக்கு. மாத்தினதும் சரி ஆயிருச்சு.

5க்கு 4 தருவேன். வாரன்டி 3 வருஷம், ஆனா அது டிரைவுக்குத்தான், உள்ள இருக்கற கணக்குக்கு கிடையாது, எஸ்எஸ்டி போகறப்ப சத்தம்கூட போடாம போயிருமாம். அதனால பழைய ஹார்ட் டிஸ்க்க தூக்கி போடல, யுஎஸ்பில வெளிய இருந்து மாட்டற ஒரு கேசிங் வாங்கி அதுல போட்டு சனிக்கிழமை கடை அடைக்கறப்ப பேக்கப் எடுக்கறோம். இப்பவும் கரகரன்னுதான் சுத்துது.