டீவி விவாதமா, ஹன்சாட்டா?

எம்பி ஒருவரை எடைபோட கொழும்பு வெள்ளவத்தையில் பலருக்கு இரவு டீவி விவாதமே போதும். மறுதரப்பின் கோபம் அதில் உடனே தெரியும். ஏன் அந்தக் கோபம் என்று விளங்குவதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

பாராளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட் சலிப்புத்தான். பேசிய மொழியிலேயே அச்சாவதால் சிங்களம் வாசிக்கத் தெரியாதவர் திண்டாடுவார். ஆனால் அமைச்சு அமைச்சாகச் செலவை ஆராயும் வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தைப் புரட்டிப் பாருங்கள். அமைச்சின் செலவுத் தலைப்பைச் சுட்டிக் கணக்குக் கேட்டவர் யார், தலைவரைப் புகழ்ந்தே நேரத்தைத் தின்றவர் யார் என்பது அப்படியே பதிவாகியிருக்கும். நமக்குப் பிடிக்காத கட்சிக்காரர் உருப்படியான கேள்வி கேட்டிருந்தால் கொஞ்சம் உறுத்தும் (உறுத்தட்டும்).

கட்சியைத் தெரிவுசெய்ய டீவி விவாதம் போதும். அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் 3 விருப்பு வாக்குகள் யாருக்கு என்று முடிவெடுக்க எனக்கு ஹன்சாட்தான். தொகுதியில் செய்த வேலையை இரண்டுமே காட்டாது.