எந்த நாட்டு ஆங்கிலம் நமக்கு நெருக்கம்?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் செவிலியர் படிப்பை முடித்து வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். "பிரிட்டிஷ் ஆங்கிலம் படிக்கட்டுமா, அமெரிக்க ஆங்கிலம் படிக்கட்டுமா, சார்?" என்ற கேள்வி எழாத வகுப்பே இல்லை. உச்சரிப்பு வேறு, சொல் வேறு என்று பிரித்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். சொற்களில் நாம் பெரும்பாலும் பிரிட்டனோடு நிற்கிறோம். உச்சரிப்பில் அப்படியில்லை.

முதலில் ரகரம். 'கார்', 'டாக்டர்', 'வார்டு' என்று நாம் அதை அழுத்திச் சொல்கிறோம். லண்டனில் அது 'கா', 'டாக்ட', 'வோட்'. அடுத்து உயிரொலி வராவிட்டால் ரகரத்தை விழுங்கிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரர்களில் பெரும்பாலோரும் இதே கட்சி. அமெரிக்கர், கனடியர், அயர்லாந்துக்காரர், ஸ்காட்லாந்துக்காரர் ஆகியோரில் பெரும்பாலோர் ரகரத்தை விடாமல் ஒலிக்கிறார்கள். லண்டன் உச்சரிப்புதான் அசல் என்று நம்புகிறவர்களுக்கு நம் ஊர் வரலாற்றையே சொல்லலாம். 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரும்பாலோர் ரகரத்தை ஒலித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது உதிர்ந்த பேச்சு நாகரிகப் பேச்சாக நிலைபெற்றது அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே கடலூர்ப் பெண் ஒருத்தி 'டாக்டர்' என்று முழுதாகச் சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. அதைத் திருத்த முனையும் பயிற்சியாளர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

அதற்காக அமெரிக்க ஆங்கிலம் நமக்கு எளிது என்றும் சொல்லிவிட முடியாது. நாம் 'வாட்டர்' என்று இரட்டை டகரம் போடும் இடத்தில் அவர்கள் ஒற்றை டகரத்தோடு 'வாடர்' என்கிறார்கள். இது நான்கு நாளில் பழகிவிடும். பழகாதது 'முடியும்', 'முடியாது' என்பவற்றுக்கான சொற்கள். தென் இங்கிலாந்தில் 'கேன்', 'கான்ட்' என்று உயிரொலியே மாறுவதால் காதுக்குக் குழப்பமில்லை. அமெரிக்கர் வாயில் இரண்டும் ஒரே உயிரொலி. கடைசி டகரமும் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். வாக்கியத்தின் நடுவில் 'கன்' என்று தேய்ந்து வந்தால் முடியும். 'கேன்' என்று அழுத்தம் விழுந்தால் அநேகமாக முடியாது. நோயாளி எழுந்து நடக்கலாமா, கூடாதா என்பது இந்த அழுத்தத்தில் தொங்குகிறது. பணி நேரத்தில் 'கெனாட்' என்று முழுச் சொல்லாகவே சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் திருப்பிக் கேளுங்கள் என்று வகுப்பில் வற்புறுத்துகிறேன்.

மருத்துவமனைச் சொற்களில்தான் அதிக கவனம் வேண்டும். நாம் 'கேஷுவால்டி' என்பது பிரிட்டனில் 'ஏ அண்ட் ஈ', அமெரிக்காவில் 'ஈ.ஆர்.', ஆஸ்திரேலியாவில் 'ஈ.டி.'. நம் 'ஆபரேஷன் தியேட்டர்' பிரிட்டனில் வெறும் 'தியேட்டர்', அமெரிக்காவில் 'ஓ.ஆர்.'. பிரிட்டனில் 'சர்ஜரி' என்றால் அறுவை சிகிச்சை மட்டுமல்ல, குடும்ப மருத்துவரின் கிளினிக்கும் அதுதான். மருந்துப் பெயர்கள் இன்னும் முக்கியம். பாராசிட்டமால் இங்கும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரே பெயர், அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். மூச்சிரைப்புக்குத் தரும் சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால், அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். தேதியும் அப்படித்தான்: 4/5 என்று எழுதியிருந்தால் நமக்கும் லண்டனுக்கும் மே 4, நியூயார்க்கில் ஏப்ரல் 5. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுவதே நல்லது. அமெரிக்கக் கட்டடத்தில் முதல் தளம் என்றால் நம் தரைத்தளம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காய்கறியில் புதுச்சேரிக்காரர்களுக்குச் சிறு சலுகை உண்டு. பிரிட்டனில் கத்திரிக்காய்க்கு வழங்கும் 'ஓபர்ஷீன்' என்ற பெயர் பிரெஞ்சிலிருந்து போனது, பிரெஞ்சு படித்த பிள்ளைக்கு அது தெரிந்த சொல். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 'எக்பிளான்ட்'. நம் 'பிரிஞ்சால்' அங்கெல்லாம் விலைபோகாது. 'கேப்சிகம்' ஆஸ்திரேலியாவில் செல்லும்.

ஆஸ்திரேலியச் சொற்கள் எளிது, உயிரொலிகள்தான் கடினம். 'டே' என்பது நம் காதில் 'டை' என்று விழும். நியூசிலாந்தில் 'பெட்' கிட்டத்தட்ட 'பிட்' ஆகிவிடும். ஆஸ்திரேலிய நோயாளி தன்னை 'க்ருக்' என்று சொன்னால் உடம்பு சரியில்லை என்று பொருள். மோசடிக்காரர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அந்தந்த நாட்டு வானொலிச் செய்தியைத் தினமும் கேட்பதைவிட இதற்கு நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கம் பிரிட்டனும் அல்ல, அமெரிக்காவும் அல்ல, அயர்லாந்து. அங்கே ரகரம் உதிராது. மருந்துப் பெயரும் தேதி எழுதும் முறையும் நம்முடையவை. எல்லாவற்றுக்கும் மேலாக, 'தேங்க்ஸ்' என்பதில் வரும் முதல் ஒலியை அயர்லாந்துக்காரர் பலர் நம்மைப் போலவே பல்லில் நாக்கை ஒட்டித் தகரமாகச் சொல்கிறார்கள். மற்ற நாடுகளில் நம் பிள்ளைகளுக்குக் குறையாகச் சுட்டப்படும் ஒலி அங்கே ஊர்ப் பேச்சு. வேகமும் சில உள்ளூர்ச் சொற்களும் மட்டும் முதல் மாதத்தில் திணறவைக்கும். 'கிவிங் அவுட்' என்றால் திட்டுவது. துண்டு 'பிரஸ்'ஸில் இருக்கிறது என்றால் இஸ்திரிப் பெட்டியைத் தேடாதீர்கள், அலமாரியைத் திறங்கள்.