வியட்நாமில் விவாகரத்து: "பவர் கொடுத்தால் போதும், நீங்கள் வரவே வேண்டாம்" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள்

ஹோ சி மின் நகரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கேயே ஒரு வியட்நாமியப் பெண்ணைத் திருமணம் செய்து அங்கேயே பதிவும் செய்தோம். ஒத்துவரவில்லை. குழந்தை இல்லை, பங்கு போட சொத்தும் இல்லை. 2022-ல் நான் கோயம்புத்தூருக்குத் திரும்பிய பிறகு, சட்டப்படி பிரிந்துவிடலாம் என்று இரண்டு பேரும் போனிலேயே பேசி முடிவு செய்துவிட்டோம். இவ்வளவு லேசான விஷயத்தில்தான் ஒரு வருடத்தையும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பணத்தையும் இழந்தோம்.

அங்கே வசிக்கும் வெளிநாட்டவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் அந்த ஏஜென்ட்டின் விளம்பரத்தைப் பார்த்தேன். 'முழு பேக்கேஜ் விவாகரத்து, கணவனோ மனைவியோ வெளிநாட்டில் இருந்தாலும் 45 நாளில் முடியும்.' வியட்நாமில் எல்லாரும் பயன்படுத்தும் மெசேஜ் ஆப்பான ஸாலோவில் பேசினேன். நல்ல ஆங்கிலம், பொறுமையான பதில்கள். "நீங்கள் ஒரு பவர் ஆஃப் அட்டர்னி எழுதி அனுப்புங்கள், உங்கள் சார்பில் எங்கள் ஆள் கோர்ட்டில் நிற்பார்" என்றார். கட்டணம் வியட்நாம் பணத்தில் நான்கரைக் கோடி டாங், பாதி முன்பணம். நம்ம ஊர் பழக்கத்தில் பவர் என்றால் எல்லாம் நடக்கும் என்ற நினைப்பு எனக்கு. 2023 மார்ச்சில் எழுதி அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தையிலேயே நான் நின்றிருக்க வேண்டும். வியட்நாமின் 2015 சிவில் நடைமுறைச் சட்டம், 85-வது பிரிவு, விவாகரத்தில் கணவனோ மனைவியோ தனக்குப் பதிலாக வழக்கில் பங்கெடுக்க வேறொருவருக்கு அதிகாரம் கொடுக்க முடியாது என்று நேரடியாகவே சொல்கிறது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், அவர் உங்கள் உரிமைக்காக வாதாடலாம், ஆனால் உங்கள் இடத்தில் அவர் நிற்க முடியாது. விவாகரத்துக்குப் பவர் கேட்கும் ஆளுக்கு ஒன்று சட்டம் தெரியாது, இல்லை தெரிந்தே உங்களை ஏமாற்றுகிறார்.

45 நாள் போனது, நான்கு மாதமும் போனது. தூதரக முத்திரைக்கு என்று கொஞ்சம், மொழிபெயர்ப்புக்கு என்று கொஞ்சம், நீதிபதிக்கு 'அன்பளிப்பு' என்று கொஞ்சம் கேட்டு வாங்கினார். அன்பளிப்பு என்றதும் எனக்கு உறுத்தியது, ஆனாலும் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டதே என்று கொடுத்தேன், அது என் தப்புதான். நடுவில் ஒரு நாள் இன்னொரு யோசனை சொன்னார்: நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை என்று என் மனைவி எழுதிக் கொடுத்தால் 'காணாமல் போனவர்' என்று அறிவித்துச் சீக்கிரம் முடித்துவிடலாமாம். தினமும் போனில் பேசும் ஆளைக் காணாமல் போனவர் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று என் மனைவி மறுத்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, அப்படி அறிவிக்க 2 வருடம் எந்தத் தகவலும் இல்லாமல் இருக்க வேண்டும், அதற்கு மேல் 4 மாதம் தேடல் அறிவிப்பு வேறு. சீக்கிரம் முடிகிற வழியே இல்லை அது.

நவம்பரில் சிவப்பு முத்திரையோடு ஒரு தீர்ப்பின் பிடிஎஃப் வந்தது. மீதிப் பணத்தைக் கட்டினேன். 2024 ஜனவரியில் என் மனைவி, இனி அவரை அப்படிச் சொல்வதும் சங்கடமாக இருந்தது, திருமண நிலைச் சான்றிதழ் வாங்க அவருடைய வார்டு மக்கள் குழு அலுவலகத்துக்கு, அதாவது அந்தப் பகுதி அரசு நிர்வாக அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பெண் அலுவலர் கோர்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அந்த எண்ணில் வழக்கே இல்லை. எல்லார் முன்னாலும் போலிப் பத்திரம் கொண்டு வந்தவர் மாதிரி நின்றேன் என்று சொல்லி அன்றிரவு அழுதார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் தெரிந்தவர் பார்த்திருந்தாலே கண்டுபிடித்திருப்பார். தீர்ப்பு என்று தலைப்பு, அன்றைக்கே அமலுக்கு வருகிறது என்று கடைசி வரி. முதல் தீர்ப்புக்கு மேல்முறையீட்டு அவகாசம் 15 நாள் உண்டு, விசாரணைக்கு வராமல் வெளிநாட்டில் இருப்பவருக்குத் தீர்ப்பு கையில் கிடைத்ததிலிருந்து 1 மாதம். அந்த அவகாசம் முடியாமல் அது அமலுக்கு வராது.

அப்புறம் என் மனைவியே கோர்ட்டுக்குப் போனார். நான் வர முடியாததால் அவர் தரப்பு மனுவாகவே போட்டார். நான் இங்கே செய்தது இரண்டே காகிதம்: விவாகரத்துக்குச் சம்மதம் என்ற வாக்குமூலம், நான் இல்லாமலே விசாரிக்கலாம் என்ற விண்ணப்பம். நோட்டரி, வெளியுறவு அமைச்சகச் சான்று, டெல்லியில் வியட்நாம் தூதரக முத்திரை என்று வரிசையாக வாங்கி அனுப்பினேன், அவர் அங்கே மொழிபெயர்த்துச் சேர்த்தார். கோர்ட் கட்டணம் எவ்வளவு தெரியுமா? சொத்துத் தகராறு இல்லாத விவாகரத்துக்கு 3 லட்சம் டாங். நம்ம பணத்தில் ஆயிரம் ரூபாய் சுமார். அதையும் தனி ஆளிடம் கொடுப்பதில்லை, சிவில் தீர்ப்பு நிறைவேற்று அலுவலகத்தில் கட்டி ரசீதைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். உங்கள் ஏஜென்ட்டிடம் முதலில் அந்த ரசீதைக் கேளுங்கள், கோர்ட் வழக்கை ஏற்றுக்கொண்டது என்று வழக்கு எண்ணோடு தரும் ஏற்பு அறிவிப்பையும் கேளுங்கள், அப்புறம் யாராவது ஒருவர் நேரில் போய் அந்த எண்ணைக் கோர்ட்டில் விசாரியுங்கள்.

எங்கள் வழக்கு நகர மக்கள் நீதிமன்றத்தில் நடந்தது, பத்து மாதம் ஆனது. 2025 ஜூலை 1 முதல் முறை மாறிவிட்டது, மாவட்ட நீதிமன்றங்களை எடுத்துவிட்டு வட்டார நீதிமன்றங்கள் வந்திருக்கின்றன, ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் இந்த மாதிரி வழக்குகளும் இப்போது அங்கேதான் முதலில் போகும். பழைய முறையையே சொல்லிப் பணம் கேட்டாலும் சந்தேகப்படுங்கள்.

போலீஸில் என் முன்னாள் மனைவி புகார் கொடுத்திருக்கிறார், பணம் இதுவரை வரவில்லை. ஏஜென்ட்டின் எண் அணைந்து கிடக்கிறது. ஆனால் போன வாரம் வேறொரு குழுவில், வேறு பெயரில், அதே '45 நாள்' விளம்பரத்தைப் பார்த்தேன். கீழே கருத்தில் ஒருவர் "பவர் எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?" என்று கேட்டிருந்தார். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.