முன்மோதல் எச்சரிக்கை: சிவப்பு விளக்குக்கு முழு மார்க், மஞ்சளுக்குப் பாதிதான்

முன் பம்பரில் அல்லது கிரில்லுக்குப் பின்னால் ரேடார், ரியர்வியூ மிரரை ஒட்டி முன்கண்ணாடியில் கேமரா. முன்னால் உள்ள வண்டியில் மோதப் போகிறீர்கள் என்று எச்சரிக்கும் இந்த வசதி, பெரும்பாலான கார்களில் இந்த இரண்டையோ இரண்டில் ஒன்றையோ நம்பித்தான் ஓடுகிறது. சுபாரு கார்களின் ஓட்டுநர் உதவி அமைப்பான ஐசைட் முன்னால் பார்க்க இரட்டைக் கேமராவை வைத்திருக்கிறது.

சிவப்பு விளக்கு மின்னிச் சத்தமும் வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் அதிரும். பயந்து காலைத் தூக்கக் கூடாது. கார் தானாக நின்றுவிடும் என்று காத்திருக்கவும் கூடாது, எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் மாடல்களும் உண்டு. வளைவில் ஓரமாக நிற்கும் வண்டியையோ சாலையில் கிடக்கும் இரும்புத் தகட்டையோ பார்த்து வீணாகக் கத்துவதும் நடக்கும். அதற்காக வசதியையே அணைக்க வேண்டாம், உணர்திறனை ஒரு படி குறைத்தால் போதும்.

மஞ்சள் விளக்குதான் இந்த வசதியின் பலவீனம். பட்டன் அணைந்திருந்தாலும், சேறு மறைத்தாலும், உண்மையிலேயே கோளாறு என்றாலும் பல கார்களில் அதே படம்தான். வண்டியை ஓரங்கட்டி, முதலில் பட்டனையும் செட்டிங்கையும் பாருங்கள். பிறகு ரேடார் மூடியையும் கேமராவுக்கு எதிரே உள்ள கண்ணாடியையும் ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளே ஆவி படிந்திருந்தால் அதைப் போக்கும் டீஃபாகரைப் போடுங்கள். எதிர்வெயிலோ கனமழையோ காரணமென்றால் அது விலகியதும் விளக்கு தானாக அணையும். இன்ஜினை அணைத்துப் போட்டும் போகவில்லையா? ஏபிஎஸ் விளக்கும் கூடவே எரிந்தால் குறை ரேடாரில் இல்லாமல் சக்கர வேக சென்சாரில் இருக்கலாம். பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலும் இப்படிப் பல விளக்குகள் ஒன்றாக எரியும்.

முன்கண்ணாடி மாற்றியபின், அல்லது பம்பரில் டிங்கரிங் செய்தபின் வந்த விளக்கு என்றால் துடைத்துப் பயனில்லை, கேலிபிரேஷன், அதாவது சென்சாரின் பார்வையைச் சரியான திசைக்குத் திருத்துவது, வேண்டும். ரேடாரின் பார்வை 1 டிகிரி விலகினாலே 100 மீட்டர் தொலைவில் சுமார் 1.75 மீட்டர் பிசகும். அடுத்த லேனில் போகிற வண்டியை உங்களுக்கு முன்னால் போவதாக எடுத்துக்கொள்ளக்கூடும். ரேடாருக்கு முன் பட்டி வைத்துத் தடிமனாக மெட்டாலிக் பெயின்ட் அடித்திருந்தால் அலையே சரியாக வெளியேறாது. டயர் காற்றும் வீல் அலைன்மென்ட்டும் சரிபார்க்காமல், டிக்கிச் சுமையை இறக்காமல் கேலிபிரேஷன் செய்யும் ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை மட்டும் அழித்துவிட்டு வண்டியை நீட்டுபவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.