நன்றாக இருந்த நான்கு ஜேஃபெட் டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு சர்வீஸ்காரர் 2,600 ரூபாய் வாங்கினார்

கிட்டார் பெடலை சர்வீசுக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள்.

என்னிடம் இருப்பது, 1974இல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 சர்க்யூட்டைப் பார்த்து யாரோ செய்த காப்பி பெடல். ஃபேஸர் வகை, அதாவது கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே செருகினால் சத்தத்தை அலைபோலச் சுழலவைக்கும் பெட்டி. பழையதாக 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். மெதுவாக மீட்டினால் அருமையாகச் சுழலும். கச்சேரியில் கொஞ்சம் ஓங்கி ஸ்டிரம் செய்தால், சுழற்சியின் ஓர் இடத்தில் மட்டும் 'கர்ர்' என்று கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி ஒரு சத்தம். கிளீன் டோனில் அதைச் சகிக்க முடியாது.

சர்வீஸ்காரர் ஒரு தடவைகூட செருகிப் பார்க்கவில்லை. பின்மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐசி போயிடுச்சு தம்பி. ஃபாரின் ஐசி, லேசுல கிடைக்காது" என்றார். நானும் தலையாட்டினேன். இரண்டு நாள் என்றது மூன்று வாரம் ஆனது. துண்டுச் சீட்டில் 'இம்போர்ட்டட் ஐசி – 4' என்று எழுதி 2,600 வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து செருகினால் 'கர்ர்' அப்படியே இருக்கிறது. சுழற்சியைத்தான் காணோம்! வேகக் குமிழை எப்படித் திருகினாலும் ஏதோ லேசாக அசைகிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரியே திறந்து பார்த்தேன். எட்டுக்கால் ஐசிகளில் யாரும் கை வைத்திருக்கவில்லை, பழைய சால்டர் பளபளவென்று இருந்தது. மாற்றியிருந்தது ஜேஃபெட் என்கிற மூன்று கால் டிரான்சிஸ்டர்களை, நான்கையும். சுற்றிலும் சால்டர் வைக்கும்போது பூசுகிற ஃப்ளக்ஸின் கறை. ஜேஃபெட்டுகளுக்குப் போகும் வோல்டேஜைச் சரிசெய்யும் குட்டித் திருகை, அதாவது பயாஸ் ப்ரீசெட்டை, கடைசிவரை திருகி விட்டிருந்தார்.

இந்தச் சர்க்யூட்டின் உயிரே அந்த நான்கு ஜேஃபெட்தான். மெதுவாக ஏறி இறங்கும் ஒரே வோல்டேஜ் நான்கின் கேட்டுக்கும் (கட்டுப்படுத்தும் கால்) போகும், நான்கும் ஒன்றுபோல ரெசிஸ்டன்ஸை மாற்ற வேண்டும். ஆனால் ஒரே நம்பர் அச்சடித்த ஜேஃபெட்டுகள்கூட ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரு ஜேஃபெட் ஒன்றரை வோல்ட்டில் மூடிக்கொள்ளும், பக்கத்தில் இருப்பது மூன்று வோல்ட் வரை திறந்தே கிடக்கும். அதனால்தான் தயாரிக்கும்போதே அளந்து, ஒத்துப்போகும் நான்கைப் பொறுக்கிப் போடுகிறார்கள். இவர் டப்பாவில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். பழைய நான்கைத் திருப்பிக் கேட்டேன். "குப்பையில போட்டாச்சே" என்றார்.

சரி, முதலில் ஏன் கர்ரென்றது? அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பைசா செலவாகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தன்மேல் விழும் சிக்னல் சிறியதாக இருக்கும்வரைதான் ஜேஃபெட் ரெசிஸ்டர் மாதிரி நடந்துகொள்ளும். சிக்னல் பெரிதாகப் பெரிதாக அலையின் வடிவத்தை வளைத்துவிடும். நானோ பெரிய சிக்னல் தரும் ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டாரை, சிக்னலை இன்னும் பெரிதாக்கும் ஒரு பூஸ்டர் பெடலில் ஏற்றி, அதற்கப்புறம் ஃபேஸரில் விட்டுக்கொண்டிருந்தேன். பெடலில் பழுதே இல்லை. கிட்டார் வால்யூமைப் பாதியாகக் குறைத்து ஒரு கார்டு அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை, அவர் எதற்கு முன்னால் எதைச் செருகுகிறாய் என்று கேட்கவும் இல்லை.

ஜேஃபெட் வாங்க, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். போர்டுத் துளையில் செருகும் கால் வைத்த பழைய வகைகள் பலவற்றின் உற்பத்தி நின்றுவிட்டதால், வேறு சரக்கின் மேல் நம்பரை அச்சடித்து விற்பதும் உண்டு. அதனால் அளந்து பொறுக்கிக்கொள்ள ஒரே வகையில் பன்னிரண்டு வாங்கினேன். பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) ஜேஃபெட்டைச் செருகுங்கள். கேட் தவிர மற்ற இரண்டு கால்கள் டிரெயின், சோர்ஸ். டிரெயினை 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும், கேட்டை மைனஸுக்கும் கொடுத்து, சோர்ஸிலிருந்து மைனஸுக்கு ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் குறுக்கே எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டரில் பார்த்தால் போதும். கையால் பிடித்தபடி அளக்காதீர்கள், சூட்டில் எண் நகரும். கிட்டத்தட்ட ஒரே எண் காட்டிய நான்கை எடுத்துப் போட்டேன். பிறகு கிட்டாரை மீட்டிக்கொண்டே, சுழற்சி நன்றாக விரியும் இடம் வரும்வரை ப்ரீசெட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.

பூஸ்டரை ஃபேஸருக்குப் பின்னால் மாற்றியதும் முக்கால்வாசி கர்ர் போய்விட்டது. மிச்சத்துக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. பெயரைக் கையெழுத்து மாதிரி அச்சடித்த ஆரம்பகால ஃபேஸ் 90இல், கடைசிக் கட்டத்திலிருந்து சிக்னலை முந்தைய கட்டத்துக்கே திருப்பிக் கொண்டுவரும் ரெசிஸ்டர் கிடையாது. கட்டை எழுத்தில் அச்சடித்த பிற்கால மாடலில் அதைச் சேர்த்தார்கள். அது சுழற்சியைக் கூர்மையாக்கும், கூடவே கரகரப்பையும் கூட்டும். ஆர்28 என்று தேடினால் கிடைக்கும். காப்பி போர்டுகளில் நம்பர் மாறலாம். என் போர்டில் அதன் ஒரு காலை மட்டும் சால்டரிலிருந்து தூக்கிவிட்டேன். வெட்டவில்லை, பிடிக்கவில்லை என்றால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா. சத்தம் கொஞ்சம் சாதுவானது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கொடுப்பதற்கு முன் உள்ளே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய பாகம் திரும்ப வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், நான் அவை குப்பைக்குப் போனபிறகுதான் கேட்டேன். துண்டுச் சீட்டோடு போய்ப் பணத்தைக் கேட்டதற்கு, "போட்ட ஐசிக்கு வாரண்டி கிடையாது தம்பி" என்றார். அவர் போட்ட நான்கையும் கவரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த பெடலுக்கு அதைத்தான் போடுவாரோ என்று வண்டி எடுத்த பிறகுதான் தோன்றியது.