அம்மாவின் கால் புண்: மூன்று இடங்களில் கேட்ட யோசனை

அம்மாவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை. சென்ற மழைக்காலத்தில் வலது பெருவிரலின் அடியில் மிளகளவு புண் ஒன்று வந்தது. ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் யோசனை கேட்டோம்.

முதலில் மருந்துக்கடை. இரண்டே நிமிடம், யோசனைக்குக் காசு இல்லை. கடைக்காரர் காலைப் பார்க்கவில்லை. நான் சொன்னதை மட்டும் கேட்டு நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரைகளை வெட்டிக் கொடுத்தார். மருத்துவரின் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம். சிறுநீரகம் எப்படி, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று ஒரு கேள்வியும் வரவில்லை. இதை ஆலோசனை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, மருத்துவரிடம் காணொளி அழைப்பில் பேச உதவும் அரசின் இசஞ்சீவனி சேவை. இதுவும் இலவசம், வீட்டிலிருந்தே பேசலாம். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார்: புண் எப்போது வந்தது, காய்ச்சல் உண்டா, கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு என்ன? காலைக் கேமராவில் காட்டினோம். "தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுத மாட்டேன், இன்றே நேரில் காட்டுங்கள்" என்றார். அன்று ஏமாற்றமாக இருந்தது. காணொளி போதுமா, நேரில் பார்க்க வேண்டுமா என்று தீர்மானிக்கும் பொறுப்பை 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் மருத்துவரிடமே விட்டிருக்கின்றன. அவர் அந்தப் பொறுப்பைத்தான் சரியாகச் செய்தார்.

மூன்றாவது, அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவு. ஓ.பி. சீட்டுக்கும் வரிசைக்கும் இரண்டரை மணி நேரம் போனது. மருத்துவரிடம் இருந்தது பத்து நிமிடம். அவர் புறங்காலில் விரல் வைத்து நாடி பார்த்தார். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டு, "இப்போது தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெருவிரலின் அடியில் தொட்டபோது அம்மா பதில் சொல்லவில்லை. அங்கே உணர்வே இல்லை. பிறகு செருப்பைக் கையில் எடுத்து உள்ளே தடவினார். ஓர் ஆணி முனை மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

பழகிய நோய்க்கு மாத்திரையைத் தொடரவும், பரிசோதனை முடிவைப் புரிந்துகொள்ளவும் காணொளியே போதும். பஸ் ஏறும் அலைச்சல் மிச்சம். புதிதாகப் புண்ணோ வீக்கமோ மரத்துப்போதலோ வந்தால் தாமதிக்காமல் நேரில்தான் போக வேண்டும். பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கால் புண் என்றால், தினமும் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள்.